கடிகாரத்தில் ஏறிய எண்ணும் சைனஸ் கணுவின் நிலையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

57 வயது ஆண். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு மாறுபாட்டு எண் (அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) ஏழு வாரங்களில் நாலைந்து மடங்கு உயர்ந்திருந்தது. மூச்சுப் பயிற்சியின் பலன் என்று நம்பினார். அடுத்து வேகமான ஓட்டப் பயிற்சியில் இறங்க எண்ணி, அதற்கு முன் மருத்துவ ஒப்புதல் கேட்டு வந்தார். காலையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுவதையும் அவ்வப்போது நெஞ்சில் ‘தொம்’ என்று ஒரு இடி விழுவதையும், கேட்ட பிறகுதான் சொன்னார். அந்த எண் எங்கிருந்து வந்தது, அவரது இதயத்தை ஆளும் நரம்புகள் உண்மையில் எந்த நிலையில் இருந்தன, அதைக் கண்டறிந்தபின் என்ன செய்யப்பட்டது என்பதே இந்தப் பதிவு.

பின்னணி

இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், 15 ஆண்டுகள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பெரும்பாலும் 8.5 சதவீதத்துக்கு மேல். ஆறு ஆண்டுகளாக உயர் ரத்த அழுத்தம். மெட்ஃபார்மின், இரவில் நீண்ட நேர இன்சுலின், அம்லோடிபின் 5 மி.கி. ஆகியவை நெடுநாள் மருந்துகள். அண்மையில் இரண்டு சேர்ந்திருந்தன. பாத எரிச்சலுக்காக நான்கு மாதங்களுக்கு முன் அமிட்ரிப்டிலின் 25 மி.கி. இரவில் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தம் முழுதும் அடங்காததால், ஏழு வாரங்களுக்கு முன் சிறுநீர்ப் பெருக்கியான குளோர்தாலிடோன் 25 மி.கி. சேர்க்கப்பட்டது. நிமிடத்துக்கு 6 மூச்சு வீதம் தினமும் 10 நிமிடம் மெதுவாக மூச்சு விடும் பயிற்சியை அவர் தொடங்கியதும் அதே வாரத்தில்தான்.

கடிகாரத்தின் பழைய பதிவுகளை மாதவாரியாக விரித்துப் பார்த்தது பின்னால் பெரிதும் உதவியது. அமிட்ரிப்டிலினுக்கு முன் மாறுபாட்டு எண் 20 முதல் 25 மில்லிவிநாடி, ஓய்வுத் துடிப்பு 86, 87. அதன் பின் எண் 14 முதல் 18 ஆக இறங்கி, துடிப்பு 93, 94 ஆக ஏறியிருந்தது. குளோர்தாலிடோன் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் எண் 40ஐத் தொட்டது. பிறகு 70க்கும் 90க்கும் இடையில் நின்றது. ஓய்வுத் துடிப்பு மட்டும் 94இலிருந்து அசையவே இல்லை.

முதல் வருகையில் கண்டவை

பத்து நிமிடம் படுத்திருந்தபின் ரத்த அழுத்தம் 148/84, துடிப்பு 94. எழுந்து நின்ற 1ஆம் நிமிடம் 122/76, துடிப்பு 97. 3ஆம் நிமிடம் 116/74, துடிப்பு 98. மேல் அழுத்தம் 32 மி.மீ. சரிந்தும் துடிப்பு ஏறியது வெறும் 4. நீர்ச்சத்துக் குறைவால் மட்டும் அழுத்தம் சரிந்திருந்தால் இதயம் ஓடிப்போய் ஈடுகட்டியிருக்கும். துடிப்பின் ஏற்றத்தை அழுத்தத்தின் சரிவால் வகுத்தால் வரும் விகிதம் 0.5க்குக் கீழ் இருந்தால் கோளாறு நரம்பில் இருப்பதாகக் கொள்ளலாம். இவருக்கு வந்தது 0.125.

இசிஜியில் சைனஸ் லயம், அதாவது துடிப்பு அதன் இயல்பான பிறப்பிடமான சைனஸ் கணுவிலிருந்தே வந்தது. மேலறைகளின் மின் சைகையான பி அலை இரண்டாம் லீடிலும் ஏவிஎஃப் லீடிலும் நேராக நின்றது. இடையிடையே மேலறையிலிருந்து (ஏட்ரியம்) முன்கூட்டி வரும் ஏட்ரியல் துடிப்புகள். சீர்செய்த கியூடி இடைவெளி (கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீளும் நேரம்) 458 மில்லிவிநாடி, சற்றே நீளம். கால் பெருவிரலில் அதிர்வுணர்வு இல்லை.

உண்மையில் முதல் பார்வையிலேயே ஒரு முரண்பாடு தெரிந்துவிட்டது. 80 மில்லிவிநாடி மாறுபாடு என்றால், துடிப்பைத் தாழ்த்தும் வேகஸ் நரம்பு இதயத்தை வலுவாகப் பிடித்திருக்க வேண்டும். ஓய்வுத் துடிப்பு 94 என்றால் அந்தப் பிடி ஏறக்குறைய விட்டுப்போயிருக்க வேண்டும். 57 வயதில் இரண்டும் ஒரே உடலில் உண்மையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எந்த எண் தவறு என்று கேட்பதைவிட, எந்த எண் சைனஸ் கணுவைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்பதே சரியான தொடக்கம்.

கணுவும் இரண்டு நரம்புகளும்

சைனஸ் கணு, வலது ஏட்ரியத்தில் மேற்பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தில் பிறை வடிவில் படிந்திருக்கும் சிறு திசு. கீத், ஃபிளாக் இருவரும் 1907இல் அதை விவரித்தார்கள். அதன் செல்களுக்கு நிலையான ஓய்வு மின்னழுத்தம் கிடையாது. ஒரு துடிப்பு முடிந்து மின்னழுத்தம் ஏறக்குறைய கழித்தல் 60 மில்லிவோல்ட்டுக்கு இறங்கியதும் செல்லின் சவ்வில் உள்ள எச்சிஎன்4 என்னும் அயனி வாயில்கள் திறந்து, சோடியம் மெல்ல உள்ளே கசியத் தொடங்கும். செல்லுக்குள் இருக்கும் கால்சியக் கிடங்கு தாளத்தோடு கசிவதும் இதோடு சேரும். மின்னழுத்தம் சரிவுப் பாதையில் ஏறி, வாசலைத் தொட்டதும் கால்சிய வாயில்கள் திறக்க, அடுத்த துடிப்பு பிறக்கும். அந்தச் சரிவு எவ்வளவு செங்குத்து, எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்ற இரண்டும்தான் துடிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலினை விடுகிறது. எம்2 ஏற்பியிலிருந்து வரும் சைகை, இடையில் வேறு ரசாயனப் படிகள் எதுவும் இல்லாமல் ஒரு வகைப் பொட்டாசிய வாயிலை நேரடியாகத் திறக்கும். அதனால் விளைவு அடுத்த துடிப்பிலேயே தெரியும். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதி கணுவில் நிறைய இருப்பதால், ஓரிரு விநாடிகளில் விளைவு மறைந்தும் விடும். துடிப்பை விரைவுபடுத்தும் பரிவு நரம்பு விடும் நார்அட்ரினலின் வேறு வழியில் போகிறது: பீட்டா-1 ஏற்பி, அதன்வழி சைக்ளிக் ஏஎம்பி, அதன்வழி நொதிகள், கடைசியில் வாயில்கள். விளைவு தொடங்கவே சில விநாடிகள். உச்சம் தொட ஏறக்குறைய 20 முதல் 30 விநாடிகள். மூச்சுக்கு மூச்சு நிகழும் ஏற்ற இறக்கத்தை அவ்வளவு மந்தமான நரம்பால் உண்டாக்க முடியாது. அடுத்தடுத்த துடிப்புகளின் வேறுபாட்டை அளக்கும் ஆர்எம்எஸ்எஸ்டி என்னும் அளவு வேகஸ் நரம்பின் கணக்காகக் கருதப்படுவதற்குக் காரணம் இதுவே.

மூச்சை இழுக்கையில் மூளைத்தண்டில் உள்ள வேகஸ் நரம்புசெல்கள் அடங்குகின்றன, துடிப்பு விரைகிறது. விடுகையில் அவை மீண்டும் எரிந்து துடிப்பைத் தாழ்த்துகின்றன. கார்ல் லுட்விக் 1847இலேயே இதைப் பதிவு செய்தார். இன்னொரு சுற்று, கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணரிகளின் வழியே ஓடுகிறது. அது சுமார் 10 விநாடிக்கு ஒருமுறை அலைபாயும். நிமிடத்துக்கு 6 மூச்சு விடும்போது இரண்டு அலைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்வதால் மாறுபாடு பெருகித் தெரியும். ஆகவே மூச்சுப் பயிற்சி எண்ணை ஏற்றும் என்று அவர் நம்பியதில் பிழையில்லை. ஆனால் அந்த ஏற்றம் பயிற்சி நடக்கும் பத்து நிமிடத்துக்குரியது; கடிகாரம் எண் எடுத்ததோ இரவுத் தூக்கத்தில்.

நரம்புகள் எதுவும் தொடாதபோது கணு எந்த வேகத்தில் ஓடும்? ஹோசேயும் காலிசனும் 1970இல் தந்த வாய்பாடு: 118.1 கழித்தல் வயதின் 0.57 மடங்கு. 57 வயதுக்கு இது 86. நடுவயதைக் கடந்தவர்களுக்கு 18 சதவீதம்வரை முன்பின் இருக்கலாம் என்பதால் இதைத் தராசாகக் கொள்ள முடியாது. திசை காட்ட மட்டும் உதவும். சாதாரணமாக ஓய்வில் வேகஸ் நரம்பின் கை மேலோங்கியிருப்பதால், கணு தன் இயல்பு வேகத்துக்குக் கீழேதான் துடிக்கும். இவருக்கு 94. தடை போய்விட்டது, உந்துதல் மட்டும் மிச்சம் இருக்கிறது என்பது அதன் பொருள்.

ஐந்து நிமிடப் பதிவு

12 மணி நேரம் காபி, தேநீர், புகையிலை இல்லை. காலை வேளை, அமைதியான அறை, 10 நிமிடம் படுத்து ஓய்வு. பிறகு விநாடிக்கு 500 மாதிரிகள் வீதம் இசிஜி 5 நிமிடம். மூச்சு எண்ணப்பட்டது: நிமிடத்துக்கு 14. பேச்சும் பெருமூச்சும் கூடாது; ஒரே ஒரு கொட்டாவிகூட ஐந்து நிமிடப் பதிவைக் கெடுக்கப் போதும்.

கிடைத்த துடிப்புகள் 471. அவற்றில் 11 ஏட்ரியல் முன்துடிப்புகள். மென்பொருள் தானாகத் தந்த ஆர்எம்எஸ்எஸ்டி 59 மில்லிவிநாடி. அதே பதிவில் முன்துடிப்புகளைக் கையால் குறித்து விலக்கிக் கணக்கிட்டால் 7.

இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வருகிறது என்பதைக் கணக்கே காட்டும். இவரது இயல்பான இடைவெளி 640 மில்லிவிநாடி. முன்துடிப்பு 420இல் வருகிறது. அது கணுவுக்குள் நுழைந்து கணக்கை முதலிலிருந்து தொடங்க வைப்பதால் அடுத்த இடைவெளி 720. அதன்பின் மீண்டும் 640. அடுத்தடுத்த வேறுபாடுகள் 220, 300, 80. இவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் 1,44,800. சைனஸ் துடிப்புகளுக்கு இடையிலான ஒரு வேறுபாட்டின் வர்க்கமோ சராசரியாக 49தான். வர்க்கம் எடுத்துச் சராசரி பார்க்கும் அளவில் பெரிய எண்களின் குரல் மட்டுமே கேட்கும். 470 சொச்சம் துடிப்புகளில் ஒரே ஒரு முன்துடிப்பு இருந்தாலே 7 என்பது 19 ஆகிவிடும்.

கடிகாரத்தில் நிலைமை இன்னும் மோசம். அது மின் சைகையை அளப்பதில்லை. மணிக்கட்டில் ஒளி பாய்ச்சி நாடி அலையைப் பார்க்கிறது. முன்துடிப்பின்போது கீழறை முழுதும் நிரம்பியிருக்காது. ரத்தம் குறைவாகப் பாயும். அந்த நாடி கடிகாரத்துக்குத் தெரியாமலே போகலாம். அப்போது 420, 720 என்ற இரண்டு இடைவெளிகள் 1,140 என்று ஒன்றாகிவிடும். வேறுபாடுகள் 500, 500. ஒரு நிமிட அளவீட்டில் ஒரு துடிப்பை மட்டும் இப்படித் தவறவிட்டாலும் ஆர்எம்எஸ்எஸ்டி 74 ஆகும். அவர் பெருமையாகக் காட்டிய 70 முதல் 90 வரையிலான எண்ணுக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை.

திருத்தும் முறை பற்றி ஒரு சொல். முந்தைய இடைவெளிகளின் சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகும் ஒவ்வொன்றும் குறிக்கப்பட்டது; குறித்ததைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே நீக்கப்பட்டது. முன்துடிப்புக்கு முன்னுள்ள இடைவெளி, பின்னுள்ள இடைவெளி இரண்டும் போக வேண்டும். நீக்கிய இடத்துக்கு இருபுறமும் உள்ள துடிப்புகளை ஒட்டவைத்து அவற்றின் வேறுபாட்டையும் எண்ணிவிடக் கூடாது. நீக்கியவை 5 சதவீதத்தைத் தாண்டினால் அந்தப் பகுதியையே கைவிடுவது என்று வரம்பு வைக்கப்பட்டிருந்தது. 470 இடைவெளிகளில் 22 நீக்கப்பட்டதால், 4.7 சதவீதத்தில் இந்தப் பதிவு மயிரிழையில் தப்பியது.

எண்ணைவிடப் படம் பல நேரம் நேர்மையானது. ஒவ்வொரு இடைவெளியையும் அடுத்த இடைவெளிக்கு எதிராகப் புள்ளி வைத்தால், ஆரோக்கியமான இதயத்தில் மூலைவிட்டத்தை ஒட்டி நீண்ட ஒரு மேகம் கிடைக்கும். இவருக்குக் கிடைத்தது மூலைவிட்டத்தின்மேல் ஒரு சின்ன அடர்ந்த புள்ளிக் குவியல். அதிலிருந்து வெகுதூரம் தள்ளி மூன்று சிதறல்கள். குவியல் கணுவுடையது. சிதறல்கள் அத்துமீறியவை. இந்தப் படத்தை அவரிடமே காட்டியதில் பாதி விளக்கம் முடிந்துவிட்டது.

தன்னியக்க நரம்புச் சோதனைகள்

மூச்சடக்கி ஊதும் சோதனைக்கு முன் கண்ணின் விழித்திரை பார்க்கப்பட்டது. புதுக் குழாய்கள் முளைத்த விழித்திரை நோய் இருந்தால் அந்த அழுத்தம் ரத்தக்கசிவை உண்டாக்கலாம். இவருக்கு அது இல்லை.

நிமிடத்துக்கு 6 ஆழ்ந்த மூச்சு: இழுக்கும்போது உள்ள அதிகபட்சத் துடிப்புக்கும் விடும்போது உள்ள குறைந்தபட்சத்துக்கும் இடையிலான வேறுபாட்டை ஆறு சுற்றுகளுக்கு எடுத்துச் சராசரி பார்ப்பது முறை. 15க்கு மேல் இயல்பு. 10ம் அதற்குக் கீழும் கோளாறு. கருவி அச்சிட்டுத் தந்தது 23, ‘இயல்பு’. பதிவை விரித்துப் பார்த்தால் ஆறு சுற்றுகளில் இரண்டில் முன்துடிப்பு. 420 மில்லிவிநாடியைக் கருவி நிமிடத்துக்கு 143 துடிப்பாகவும், 720ஐ 83ஆகவும் படித்து, அந்தச் சுற்றுகளுக்கு மட்டும் 60 என்ற வேறுபாட்டைச் சேர்த்திருந்தது. மீதி நான்கு சுற்றுகளில் வேறுபாடு 4. கடிகாரம் செய்த அதே பிழையை மருத்துவக் கருவியும் செய்தது. கடிகாரத்தைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை.

40 மி.மீ. அழுத்தத்தில் 15 விநாடி ஊதும் வால்சால்வா சோதனையில் மிக நீண்ட இடைவெளியை மிகக் குறுகியதால் வகுத்த விகிதம் 1.08, இயல்பு 1.21ம் அதற்கு மேலும். எழுந்து நின்றபின் 30ஆம் துடிப்பை ஒட்டிய மிக நீண்ட இடைவெளியை 15ஆம் துடிப்பை ஒட்டிய மிகக் குறுகிய இடைவெளியால் வகுத்த விகிதம் 1.00, இயல்பு 1.04ம் அதற்கு மேலும். இவற்றில் முன்துடிப்பு குறுக்கிட்ட முயற்சிகள் கைவிடப்பட்டு, இடையில் சில நிமிட ஓய்வு தந்து மறுபடி எடுக்கப்பட்டன. மூன்று துடிப்புச் சோதனைகளும் கோளாறு. அதோடு நிற்கும்போது அழுத்தச் சரிவு. சர்க்கரை நோயால் இதயத்தின் தன்னியக்க நரம்புகள் முற்றிய அளவில் பழுதடைந்துள்ளன என்பதற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நீண்ட நரம்புகள் முதலில் கெடுவது இந்நோயின் போக்கு. தன்னியக்க நரம்புகளில் மிக நீண்டது வேகஸ். அதனால்தான் ஓய்வுத் துடிப்பு ஏறுவதும் மூச்சலை மறைவதும் முன்னால் வருகின்றன. நிற்கும்போது அழுத்தம் சரிவது பின்னால்.

24 மணி நேரப் பதிவும் ரத்தமும்

உடலோடு மாட்டியிருக்கும் 24 மணி நேர இசிஜிக் கருவியான ஹோல்டரில் சராசரித் துடிப்பு 92. தூக்கத்தில்கூட 81க்குக் கீழ் இறங்கவில்லை. முன்துடிப்புகளை நீக்கிய எஸ்டிஎன்என் (எல்லா இயல்பு இடைவெளிகளின் திட்ட விலக்கம்) 41 மில்லிவிநாடி. ஒப்பிட்டுப் பார்க்க: மாரடைப்பு வந்தவர்களைப் பின்தொடர்ந்து கிளைகரும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வில் 50க்குக் கீழ் இருந்தவர்களின் இறப்பு 100க்கு மேல் இருந்தவர்களைவிட 5 மடங்குக்கு மேல் இருந்தது. இவருக்கு மாரடைப்பு வந்ததில்லை என்பதால் அந்த மடங்கை இவர்மேல் ஏற்றிச் சொல்ல முடியாது.

ஏட்ரியல் முன்துடிப்புகள் 4,200. மிக நீண்ட தொடர் 5 துடிப்புகள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) இல்லை.

ரத்தத்தில் பொட்டாசியம் 3.1, மக்னீசியம் 0.62 மில்லிமோல். இரண்டும் தாழ்வு. குளோர்தாலிடோன் இரண்டையும் சிறுநீரில் வெளியேற்றும். பொட்டாசியம் குறைந்தால் ஏட்ரியச் செல்கள் தாமாகத் துடிக்கத் துணியும். ஏழு வாரக் கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. துடிப்பை ஏற்றும் வேறு காரணங்கள் தேடப்பட்டன: ஹீமோகுளோபின், தைராய்டு இரண்டும் சரி. நீண்ட நாள் மெட்ஃபார்மின் எடுத்ததால் பி12 பார்க்கப்பட்டது. 172 பிகோகிராம், குறைவு.

எடுத்த முடிவுகள்

குளோர்தாலிடோன் அன்றே நிறுத்தப்பட்டது. முன்துடிப்பையும் நிற்கும்போது வரும் சரிவையும் ஒருசேரக் கிளறிவிட்டது அதுவே. பொட்டாசியம் குளோரைடு தினமும் 40 மில்லிமோல், இரு வேளையாகப் பிரித்து, உணவோடு 5 நாள். மக்னீசியமும் மாத்திரையாகத் தரப்பட்டது. மக்னீசியம் குறைவாக இருக்கும்வரை சிறுநீரகம் பொட்டாசியத்தை விட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் இது உபரி மருந்தல்ல.

அமிட்ரிப்டிலின் இரண்டு வாரம் 10 மி.கி. ஆகக் குறைத்துப் பின் நிறுத்தப்பட்டது. அது அசிட்டைல்கோலினின் ஏற்பியை மறிக்கும் மருந்து. ஏற்கெனவே மெலிந்திருந்த வேகஸ் நரம்பின் கடைசிச் சொல்லையும் கணுவின் காதில் விழாமல் செய்துவந்தது. ரத்தக்குழாய்ச் சுருக்கத்தையும் தளர்த்தும். பொட்டாசியக் குறைவோடு சேர்ந்தால் கியூடியையும் நீட்டும். எரிச்சலுக்கு மாற்றாக இரவில் பிரிகாபாலின் 75 மி.கி. பி12 ஊசி தொடங்கப்பட்டது.

பரிவு நரம்பின் விளைவை மறிக்கும் பீட்டா தடுப்பி தரலாமா என்பதே அதிகம் பேசப்பட்ட கேள்வி. முன்துடிப்பும் குறையும், 94ம் இறங்கும் என்பது அதற்கான வாதம். தரப்படவில்லை. நிற்கையில் அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்க மிச்சம் இருப்பது பரிவு நரம்பு மட்டுமே. அதையும் கட்டிப்போட்டால் சரிவு கூடும். இன்சுலின் எடுப்பவருக்குச் சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பு எச்சரிக்கையும் மங்கும். இவாப்ரடின் நரம்புகளைத் தொடாமல் கணுவின் எச்சிஎன் வாயிலை மட்டும் அடக்கும் என்றாலும், 94ஐ 75 ஆக்குவதால் இவருக்கு என்ன நன்மை என்ற கேள்விக்குத் தெளிவான விடை இல்லை. எண்ணுக்காக மருந்து தர வேண்டாம் என்று விடப்பட்டது.

அழுத்தத்தை ஏற்றும் ஃபுளூட்ரோகார்டிசோனும் ஒதுக்கப்பட்டது. படுக்கையில் 148 இருப்பவருக்கு அது பொருந்தாது. பொட்டாசியத்தையும் மேலும் இறக்கும். பதிலாக எளிய வழிகள்: கட்டிலின் தலைப்பக்கம் 15 முதல் 20 செ.மீ. உயர்த்துதல், எழுவதற்கு முன் அரை லிட்டர் தண்ணீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்தல், கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து கெண்டைக்காலை இறுக்கித் தளர்த்திய பிறகு நிற்றல். படுத்த நிலை அழுத்தத்துக்காகப் பொட்டாசியம் சீரான பின் இரவில் லோசார்டன் 50 மி.கி.

ஓட்டப் பயிற்சி ஒத்திவைக்கப்பட்டது. நரம்பு கெட்டவருக்கு நெஞ்சுவலி என்னும் எச்சரிக்கை மணி ஒலிக்காமல் போகலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் தொடங்கப்படவில்லை. ஃபிப்ரிலேஷன் பதிவாகாத நிலையில் முன்துடிப்புகளுக்காக மட்டும் அதைத் தருவதற்கு ஆதாரம் போதாது. ஆனால் முன்துடிப்பு மிகுந்தவர்களுக்குப் பின்னாளில் ஃபிப்ரிலேஷன் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், பொட்டாசியம் சரியான பின் 14 நாள் ஒட்டுப்பட்டைப் பதிவு எடுப்பது என்று முடிவானது.

அடுத்து நடந்தவை

ஒரு வாரத்தில் பொட்டாசியம் 4.0. நெஞ்சில் விழும் இடி நின்றது. கடிகாரத்தின் எண் 80இலிருந்து 15க்குச் சரிந்தது.

இப்படித்தான் நடக்கும் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தும் பயந்துவிட்டார். சிகிச்சை தன்னை மோசமாக்குகிறது என்று மருந்தை நிறுத்தும் எண்ணத்தோடு தொடர்புகொண்டார். முன்துடிப்பு அடங்கினால் எண் விழுவதே குணத்தின் அடையாளம் என்பதைப் புள்ளிப் படத்தை மறுபடி வைத்து விளக்க வேண்டியிருந்தது. 15 என்பது புதிய சரிவல்ல, எப்போதும் அங்கேயே இருந்ததுதான். சிதறல்கள் அதை மறைத்திருந்தன.

14 நாள் பதிவில் ஃபிப்ரிலேஷன் இல்லை; முன்துடிப்புகள் நாளொன்றுக்கு 310. ஐந்தாம் வாரம் நடை இயந்திரச் சோதனை: உச்சத் துடிப்பு 121. வயதுக்கு எதிர்பார்க்கும் 163இல் 74 சதவீதம் மட்டுமே. நிறுத்திய முதல் நிமிடத்தில் இறங்கியது 6 துடிப்பு. 12ஐத் தாண்டாதது குறை. உழைப்பு நின்ற கணத்தில் வேகஸ் நரம்பு திரும்ப வந்து கணுவைப் பிடிப்பதே முதல் நிமிட இறக்கம். பிடிக்க ஆள் இல்லை. இசிஜியில் ரத்தக் குறைவின் அடையாளம் தெரியவில்லை என்றாலும், துடிப்பு போதிய அளவு ஏறாததால் அதை முடிவாகக் கொள்ளாமல், ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து தந்து இதயத்தின் ரத்த ஓட்டப் படம் எடுக்கப்பட்டது. இயல்பு.

அதன்பிறகே உடற்பயிற்சி தொடங்கியது. துடிப்பின் அளவு பார்த்துப் பயிற்சி வகுப்பது இவருக்குப் பயன்படாது. மேலே ஏறாத, கீழே இறங்காத எண்ணை வைத்துக்கொண்டு எந்த மண்டலத்தில் இருக்கிறோம் என்று அறிய முடியாது. உழைப்பை உணர்வால் மதிப்பிடும் போர்க் அளவுகோலில் 11 முதல் 13 வரை, அதாவது பேசிக்கொண்டே நடக்க முடியும் அளவு, வாரத்தில் 5 நாள், 30 நிமிடம். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் 10 நிமிடம் மெதுநடை. சட்டென்று நின்றால் அழுத்தம் சரியும்.

12ஆம் வாரம்: படுத்த நிலை 138/80, 3ஆம் நிமிடம் நின்ற நிலை 124/76. சரிவு 32இலிருந்து 14. தலைசுற்றல் அரிதாகிவிட்டது. கியூடி 428. ஓய்வுத் துடிப்பு 88. திருத்திய ஆர்எம்எஸ்எஸ்டி 11. ஆழ்ந்த மூச்சு வேறுபாடு 5. மருந்துகள் பறித்திருந்தது திரும்பி வந்தது. நரம்பு இழந்தது வரவில்லை. 88 என்பது கணுவின் இயல்பு வேகமாகக் கணக்கிட்ட 86க்கு மிக அருகில் இருப்பதையும் கவனிக்க வேண்டும்.

சர்க்கரையை அவசரப்பட்டு இறக்கவில்லை. மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 2 சதவீதப் புள்ளிக்கு மேல் சரிந்தால், சிகிச்சையாலேயே கடும் நரம்பு வலியும் தன்னியக்கக் கோளாறும் கிளம்பக்கூடும். ஓராண்டில் 8.8இலிருந்து 7.4 ஆனது. ஓராண்டு முடிவில் ஆர்எம்எஸ்எஸ்டி 10. முன்னேற்றம் இல்லை, சரிவும் இல்லை. 15 ஆண்டு கெட்ட நரம்பிடம் இதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

மாற்ற வேண்டியவை

15 ஆண்டு சர்க்கரை நோயாளிக்கு அழுத்த மாத்திரை கூட்டும் முன் நிற்கவைத்து ஒருமுறை அளந்திருந்தால், கதை அங்கேயே வேறு திசையில் போயிருக்கும். அளவு எடுக்க மூன்று நிமிடம் போதும். சிறுநீர்ப் பெருக்கி தொடங்கினால் 2 முதல் 4 வாரத்துக்குள் பொட்டாசியம் பார்க்க வேண்டும். இங்கே ஏழு வாரம் யாரும் பார்க்கவில்லை.

மாறுபாட்டு எண்ணை எழுதும் எந்த அறிக்கையிலும் அதன் பக்கத்தில் மூன்று விவரம் கட்டாயம் இருக்க வேண்டும்: எத்தனை முன்துடிப்புகள், எத்தனை சதவீதம் நீக்கப்பட்டது, அப்போது ஓய்வுத் துடிப்பு என்ன. இந்த மூன்றும் இல்லாத ஆர்எம்எஸ்எஸ்டியைப் படிக்காமல் விடுவதே மேல். ஆழ்ந்த மூச்சுச் சோதனையில் ‘இயல்பு’ என்று கருவி அச்சிட்டதை அப்படியே கோப்பில் ஒட்டும் வழக்கம் நிறுத்தப்பட்டு, ஆறு சுற்றுகளின் இசிஜி அச்சும் சேர்த்து வைக்கப்படுகிறது. முன்துடிப்பு விழுந்த சுற்றில் சிவப்புக் கோடு.

அவர் கடிகாரத்தைக் கழற்றவில்லை. கழற்றச் சொல்லவும் இல்லை. ‘இன்று நீங்கள் தயார்’ என்று பச்சை விளக்கு காட்டும் மதிப்பெண் அணைக்கப்பட்டது. லயம் தப்பினால் எச்சரிக்கும் வசதி இயக்கப்பட்டது. ஓய்வுத் துடிப்பு மாறாமல் மாறுபாட்டு எண் மட்டும் மூன்று நாள் தொடர்ந்து இருமடங்கானால், மகிழாமல் பொட்டாசியமும் இசிஜியும் எடுக்க வர வேண்டும் என்று எழுதித் தரப்பட்டது. எந்த அறுவைசிகிச்சைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் காட்ட இன்னொரு தாள்: தன்னியக்க நரம்புக் கோளாறு உறுதி செய்யப்பட்டது, மயக்கம் தரும்போது அழுத்தம் திடீரெனச் சரியலாம், அட்ரோபின் தந்தால் துடிப்பு எதிர்பார்த்தபடி ஏறாமல் போகலாம்.